சனி, ஞாயிறு டெல்லிக் குளிர்: இரவு எண்ணை விட பகல் எண்ணைப் பாருங்கள்

முனிர்கா வாசி (வியாழன் இரவு 9.10)

இன்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே கேள்விதான்: வார இறுதியில் எத்தனை டிகிரிக்கு இறங்கும்? பொங்கலுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்திருப்பவர்கள் நிறைய பேர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இப்போது ஒரு மேற்கத்திய இடையூறு, அதாவது மழையும் பனியும் கொண்டுவருகிற காற்றழுத்தச் சுழற்சி, வந்துகொண்டிருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக மேல்காற்றோடு இமயமலைக்கு வருவது. அது நெருங்கும்போது டெல்லியில் காற்று கிழக்கிலிருந்து வீசும், மேகம் மூடும். தரை பகலில் வாங்கிய சூடு இரவில் மேலே போய்விடாமல் மேகம் போர்வை மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் நாளை வெள்ளி காலையில் குளிர் குறைந்தது போலத் தெரியும், தூறலும் இருக்கலாம். அதை நம்பி யாரும் ரஜாயை (தடித்த பஞ்சுப் போர்வையை) மடித்து வைக்க வேண்டாம். இடையூறு கிழக்கே நகர்ந்ததும் வானம் தெளியும், மலையில் புதிதாக விழுந்த பனியின் மேல் பட்டு வரும் வடமேற்குக் காற்று இங்கே இறங்கும்.

சனிக்கிழமை அந்தக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும் என்று நினைக்கிறேன். முகத்தில் அடிக்கிற குளிர்தான், ஆனால் வெயில் இருக்கும், புகையும் கலையும். சனி இரவு காற்று அடங்கினால் கதை மாறும். தரை ஈரம், தெளிந்த வானம், அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் ஞாயிறு காலை அடர்ந்த பனிமூட்டம்தான். என் கணக்குப்படி சனி பகல் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். ஞாயிறு மூட்டம் மதியம் வரை கலையாவிட்டால் 14, 15ஐத் தாண்டாது. இரவு இரண்டு நாளும் 5க்கும் 7க்கும் நடுவில்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டிவியில் காட்டுவது இரவுக் குறைந்தபட்சத்தை மட்டும். அந்தக் கணக்கில் சனியும் ஞாயிறும் ஒன்றுதான். உடம்புக்கு ஒன்றே இல்லை. ராஜஸ்தானில் சூரு, ஃபதேபூர் பக்கம் ஜனவரியில் பூஜ்யத்தைத் தொடுகிற இரவுகள் உண்டு, ஆனால் மணல் நிலம், வறண்ட காற்று, காலை பத்து மணிக்கு நல்ல வெயில், மதியம் 20ஐத் தாண்டிவிடும். லக்னோவிலும் பாட்னாவிலும் இரவு 8, 9 இருக்கும், பகலும் 13ல் நின்றுவிடும். எது கஷ்டம் என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுவர், தரை, தண்ணீர்த் தொட்டி எதுவுமே சூடேறாது, வீட்டுக்குள் வெளியை விடக் குளிராக இருக்கும்.

வானிலை ஆய்வு மையமே இதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது. குறைந்தபட்சம் 10 அல்லது அதற்குக் கீழே இருந்து, பகல் வெப்பம் வழக்கத்தை விட 4.5 டிகிரி அல்லது அதற்கும் மேல் குறைந்தால் 'குளிர் நாள்'. 6.4க்கு மேல் குறைந்தால் 'கடும் குளிர் நாள்'. குளிர் அலை என்பது வேறு, அது இரவு எண்ணை வைத்துச் சொல்வது, சமவெளியில் 4 டிகிரிக்கு வந்தாலே குளிர் அலை. 2019 டிசம்பர் 30 நினைவிருக்கிறதா? டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் அன்றைய அதிகபட்சமே 9.4 டிகிரி. அதாவது பட்டப்பகலில் 9.4. 1901க்குப் பிறகு டிசம்பரில் அப்படி ஒரு பகல் இருந்ததில்லை என்றார்கள். 2021 ஜனவரி 1 அன்று இரவு 1.1க்குப் போனதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்த 2019 பகல்தான் முதியவர்களுக்கு மோசம்.


மயூர் விஹார் அக்கா (வியாழன் 9.42)

நல்லா விளக்கினீங்க தம்பி. என் மாமனார் மாமியார் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஞாயிறு காலை வருகிறார்கள். எவ்வளவு தாமதம் ஆகும்? ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது?


கரோல்பாக் பழையவர் (வியாழன் 9.55)

ஜான்சி, குவாலியர் வரைக்கும் வண்டி ஒழுங்காக வரும் அம்மா. ஆக்ரா, மதுரா, பல்வல் பகுதியில்தான் பனிமூட்டம் பிடிக்கும். மூட்டத்தில் சிக்னல் வருவதை ஓட்டுநருக்கு முன்கூட்டியே காட்டுகிற ஜிபிஎஸ் கருவி இப்போது இருக்கிறது, அது இருந்தாலும் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் போக விட மாட்டார்கள், முன்பு 60தான். ஒரு வண்டி மெதுவானால் பின்னால் வருவதெல்லாம் வரிசை கட்டி நிற்கும். இரண்டு மணி நேரமும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். நீங்கள் செயலியில் ஆக்ரா தாண்டிவிட்டதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள், புதுதில்லி நடைமேடையில் போய் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டாம். அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், சால்வையும் சாக்ஸும் பெட்டிக்குள் அடியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளட்டும், போபாலிலேயே போட்டுக்கொள்ளட்டும். சாப்பாடும் காலை வரைக்கும் மட்டும் என்று கணக்குப் போடாமல் கூடுதலாக எடுத்து வரட்டும்.

முனிர்கா வாசிக்கு ஒரு மறுப்பு. இரவு எண்ணைப் பார்க்காதே என்பது வீடு இருப்பவர்களுக்குச் சரி. 2006 ஜனவரி 8, சப்தர்ஜங்கில் 0.2 டிகிரி. பூங்காப் புல்லிலும் கார்க் கண்ணாடியிலும் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அதற்கும் முன்னால் 1935 ஜனவரி 16ல் பூஜ்யத்துக்குக் கீழே 0.6. அந்த மாதிரி இரவு வந்தால் எய்ம்ஸ் வாசல் நடைபாதையில் படுத்திருக்கும் நோயாளிகளின் வீட்டுக்காரர்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு பகல் 14ஆ 18ஆ என்பது இரண்டாம் பட்சம், விடியற்காலை நான்கு மணிதான் உயிர்ப் பிரச்சினை.


முனிர்கா வாசி (வியாழன் 10.08)

சார் சொல்வதில் எனக்கு ஒரு முரணும் இல்லை. கூரை இல்லாதவர்களுக்கு இரவு எண்தான் முதல் எண். நான் பேசுவது ஃபிளாட்டுக்குள் இருந்துகொண்டு '6 டிகிரிதானே, நேற்றும் அதேதானே' என்று ஞாயிறு காலை அப்பாவை நடைப்பயிற்சிக்கு அனுப்புகிறவர்களிடம்.


நொய்டா தம்பி (வியாழன் 10.20)

அண்ணா, அப்பா அம்மா ஏற்கெனவே வந்துவிட்டார்கள், மதுரைக்காரர்கள். தாஜ்மஹால் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். ஞாயிறு என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன், விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி யமுனா எக்ஸ்பிரஸ்வே வழியாக. சரியா?


முனிர்கா வாசி (வியாழன் 10.26)

தயவுசெய்து வேண்டாம் தம்பி. ஞாயிறு விடியற்காலை அந்தச் சாலையில் போகவே கூடாது. ஒரு பக்கம் யமுனை, இரண்டு பக்கமும் தண்ணீர் பாய்ச்சிய கோதுமை வயல், ஈரத்துக்குப் பஞ்சமே இல்லாத இடம், திடீரென்று ஒரு மூட்டத்துக்குள் நுழைந்தால் முன்னால் நிற்கிற லாரி தெரியாது, ஒன்றன் மேல் ஒன்றாக வண்டிகள் மோதுவது வருடா வருடம் நடக்கிறது. குளிர்காலத்தில் கார்களுக்கான வேகத்தை 100லிருந்து 75 ஆகக் குறைப்பதும் இதனால்தான். சனிக்கிழமைக்கு மாற்று. அன்றும் ஒன்பது மணிக்கு மேல், வெயில் வந்தபிறகு கிளம்பு, இருட்டும் முன் திரும்பப் பார். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் மூடியிருக்கும், அந்த எண்ணமே வேண்டாம். சனி மதியம் அங்கே வெயிலில் உட்கார்ந்தால் அம்மாவுக்கே பிடித்துப்போகும்.


சாகேத்தில் ஒரு ஊட்டிக்காரி (வியாழன் 10.51)

எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்த பேச்சு. டெல்லிக்கு வந்த புதிதில் எல்லோரும் என்னிடம் 'நீ ஊட்டிப் பெண், உனக்கென்ன குளிர்' என்றார்கள். ஊட்டியில் ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் காலையில் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும். தேயிலை கருகாமல் இருக்கச் செடிகளை மூடி வைப்பார்கள். ஆனால் எட்டு மணிக்கு வெயில் அடித்தால் உருகிவிடும், மதியம் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். டெல்லியில் ஸ்வெட்டரைக் கழற்றவே முடியாத வாரங்கள் இருக்கின்றன. ஆகவே பகல் எண் என்ற கட்சிக்குத்தான் என் ஓட்டு.

இன்னொன்று. ஊட்டியிலேயே மேட்டில் இருக்கிற வீட்டுக்கும் பள்ளத்து மைதானத்துக்கும் அவ்வளவு வித்தியாசம். குளிர்ந்த காற்று கனம், இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் பள்ளத்தில்தான் விழும். சிம்லா டெல்லியை விடக் கதகதப்பு என்று செய்தி வரும்போது சிலர் நம்ப மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். சிம்லா 2200 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டில் இருக்கிறது, குளிர்காற்று அங்கே தங்காமல் கீழே இறங்கிவிடும். பகலில் மேகமில்லாத வெயில். கீழே சமவெளியில் மூட்டத்துக்கு அடியில் நாம்.


துவாரகா செக்டர் 6 (வியாழன் 11.05)

அப்படியானால் வெள்ளி இரவு கிளம்பி மணாலி போய் பனி பார்த்துவிட்டு வரலாமா? ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர், கோயம்புத்தூர்ப் பையன்கள், பனியை இதுவரை பார்த்ததே இல்லை.


சாகேத்தில் ஒரு ஊட்டிக்காரி (வியாழன் 11.12)

இந்த வாரம் வேண்டாம். இடையூறு கடந்துகொண்டிருக்கும்போது பனி விழுந்துகொண்டே இருக்கும், கடந்த மறுநாள் வெயிலில் மேல்பனி உருகி இரவில் சாலையின் மேல் கண்ணாடி போல உறையும். பார்த்தால் ஈரத் தார்ச்சாலை மாதிரிதான் தெரியும், பிரேக் பிடித்தால் வண்டி சறுக்கிவிடும். மலையில் ஓட்டிப் பழகாதவர்கள், சங்கிலி கட்டத் தெரியாதவர்கள் போகக்கூடாத நேரம் அதுதான். சோலங் பக்கமும் அடல் சுரங்கப்பாதைப் பக்கமும் எந்த வண்டியை விடுவது என்று போலீஸ் அன்றன்றைக்கு முடிவு செய்யும், பாதியில் திருப்பி அனுப்பினால் அந்தக் குளிரில் இரவு காருக்குள்தான். மூன்று நாலு நாள் போகட்டும், உள்ளூர் டிரைவரை வைத்துக்கொண்டு போங்கள். பனி எங்கேயும் ஓடிப்போகாது. காஷ்மீரில் டிசம்பர் 21ல் ஆரம்பித்த சில்லாய் கலான் என்கிற கடுங்குளிர்க் காலமே நாற்பது நாள், ஜனவரி கடைசி வரைக்கும்.


டெல்லியிலிருந்து பெங்களூர் போனவன் (வெள்ளி காலை 7.15)

இங்கே 15 டிகிரிக்கே அபார்ட்மெண்டில் எல்லோரும் குல்லா போட்டிருக்கிறார்கள். கேலி செய்ய மனம் வரவில்லை, உடம்பு பழகியதைப் பொறுத்தது. பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்தது 7.8, அதுவும் 1884 ஜனவரியில். பம்பாயில் சாந்தாகுரூஸில் 7.4, 1962 ஜனவரி 22. டெல்லியில் ஜனவரியில் சாதாரண இரவே அந்தக் கணக்குதான். ஆனால் இரண்டு ஊரிலும் மதியம் 25ஐத் தாண்டிவிடும், அதனால் யாரும் வீட்டுக்கு ஹீட்டர் வாங்குவதில்லை. சென்னையைப் பற்றிப் பேசவே வேண்டாம், பக்கத்தில் வெதுவெதுப்பான கடல் இருக்கும்போது 20க்குக் கீழே இறங்கினாலே அங்கே பெரிய செய்தி. அங்கேயிருந்து நேராக டெல்லிப் பனிமூட்டத்துக்குள் வருகிற வயதானவர்களுக்கு முதல் இரண்டு நாள்தான் ஆபத்து, அதைக் கொஞ்சம் எழுதுங்கள் யாராவது.


மயூர் விஹார் அக்கா (வெள்ளி 10.30)

நான் எழுதுகிறேன், மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள்.

குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், ரத்தமும் கொஞ்சம் கெட்டியாகும். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்கால அதிகாலையில் கூடுவதற்கு அதுதான் காரணம். அதனால் பிரஷர், சுகர் மாத்திரை ஒரு வேளை கூடத் தவறக் கூடாது, ஊரில் பத்து நாளைக்கு வாங்கியது போதும் என்று வராமல் கூடுதலாகக் கொண்டு வரச் சொல்லுங்கள். விடியற்காலை நடை வேண்டாம். பனிமூட்டத்தோடு புகையும் தரையிலேயே படிந்து கிடக்கும் நேரம் அது. வெயில் வந்த பிறகு பத்து மணிக்கு மேல் நடக்கட்டும், ஞாயிறு வெயிலே வராவிட்டால் வீட்டு வராந்தாவிலேயே நடக்கட்டும். மார்கழிப் பழக்கத்தில் நாலரை மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு கோவிலுக்குக் கிளம்புகிறவர்கள் நம் வீட்டில்தான் அதிகம். சொன்னால் கேட்க மாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள், மலை மந்திரில் சுவாமி பத்து மணிக்கும் இருப்பார். அங்கே படியேறிப் போகும்போது வெறும் காலில் கல் தரை எப்படிச் சில்லிடும் என்று எல்லோருக்கும் தெரியும், சாக்ஸ் போட்டுக்கொண்டே ஏறலாம், ஒன்றும் தப்பில்லை.

தாகம் எடுக்காது, அதனால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஃபிளாஸ்கில் வெந்நீர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இது எல்லாவற்றையும் விட முக்கியம். அங்கீட்டியில் (கணப்பு அடுப்பில்) கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். உங்கள் அபார்ட்மெண்ட் காவலாளி தன் சின்ன அறையில் அதைத்தான் வைத்துக்கொள்கிறார், போய்ப் பாருங்கள், அவருக்கு ஒரு நல்ல ரஜாயும் மின்சார ஹீட்டரும் குடியிருப்பே வாங்கித் தரலாம். காஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்தே குளியுங்கள்.


துவாரகா செக்டர் 6 (வெள்ளி 11.02)

அக்கா, எண்ணெய் ஹீட்டரா, பிளோயரா?


மயூர் விஹார் அக்கா (வெள்ளி 11.09)

எண்ணெய் ஹீட்டர். மெதுவாகத்தான் சூடேறும், ஆனால் காற்றை அடித்து மூக்கைக் காய வைக்காது. எதுவானாலும் ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும், படுக்கும்போது அணைத்துவிடுங்கள். இட்லி மாவுக்கும் அதன் பக்கத்தில் ஒரு இடம் கொடுங்கள், இல்லையென்றால் இந்த வாரம் மாவு ஒன்றரை நாள் ஆனாலும் பொங்காது. ஓவன் இருந்தால் உள்ளே லைட்டை மட்டும் போட்டு வைத்தால் போதும்.


லோதி காலனி (வெள்ளி மதியம் 1.30)

ஞாயிறு காலை 7 மணிக்கு எனக்குச் சென்னை விமானம். டெல்லி விமான நிலையத்தில் கேட் 3 பி (CAT III-B) என்கிற, கருவி உதவியோடு இறங்கும் வசதி இருக்கிறதே, மூட்டத்திலும் இறங்கலாமே, அப்புறம் ஏன் தாமதம் ஆகிறது?


முனிர்கா வாசி (வெள்ளி 2.05)

இறங்குவதற்கு ஓடுபாதைப் பார்வைத்தூரம் 50 மீட்டர் இருந்தாலே போதும், ஆனால் மேலே கிளம்ப அதை விட அதிகம் வேண்டும், பொதுவாக 125 மீட்டர் என்பார்கள். விமானத்தில் அந்தக் கருவி வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் ஜெய்ப்பூருக்கோ வேறு ஊருக்கோ திருப்பிவிடுவார்கள். நீங்கள் ஏற வேண்டிய விமானமே வேறு ஊரிலிருந்து வந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் இருக்கிற பாலம் (Palam) பக்கம் திறந்த வெளி, அங்கே மூட்டம் சப்தர்ஜங்கை விட முன்னதாகவும் கனமாகவும் பிடிக்கும். முடிந்தால் மதியம் 12க்கு மேல் மாற்றிக்கொள்ளுங்கள். போகி காலையில் சென்னைக்குப் போகிறவர்களுக்கும் இதே யோசனைதான், அங்கே டயரும் பழம்பாயும் கொளுத்திய புகையில் மீனம்பாக்கம் விமானங்கள் தாமதமான வருடங்கள் உண்டு.


கரோல்பாக் பழையவர் (வெள்ளி மாலை 6.20)

எய்ம்ஸ் விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. டெல்லி நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியம் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் கூடாரங்கள் போடுகிறது, ரைன் பசேரா என்று கேட்டால் காட்டுவார்கள், பணம் கிடையாது. இந்தி தெரியாததால் அங்கே போகாமல் நடைபாதையிலேயே இருந்துவிடுகிறவர்கள் நம் ஆட்களில் இருக்கிறார்கள். நாளை சனி மாலை ஏழு மணிக்கு நான் அங்கே போகிறேன். போர்வை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்கு இல்லை, தமிழில் பேசிக் கூடாரம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகத்தான். வருகிறவர்கள் சொல்லுங்கள்.


துவாரகா செக்டர் 6 (வெள்ளி 6.31)

நாங்கள் நாலு பேரும் வருகிறோம் சார். மணாலிப் பணம் போர்வைக்கு.


சாகேத்தில் ஒரு ஊட்டிக்காரி (வெள்ளி 6.40)

நானும். சாக்ஸ், குல்லா வாங்கி வருகிறேன், போர்வையை எல்லோரும் கொடுப்பார்கள், கால் மூட ஒருத்தரும் கொடுப்பதில்லை.


நொய்டா தம்பி (சனி இரவு 8.50)

ஆக்ரா போய் வந்துவிட்டோம் அண்ணா. காலையில் காற்று வெட்டியது, மதியம் நல்ல வெயில், அம்மா ஒரு மணி நேரம் புல்வெளியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. திரும்பும்போது இங்கே காற்று சுத்தமாக நின்றுவிட்டது, தெருவிளக்கைச் சுற்றி இப்போதே புகை மாதிரி தெரிகிறது.


மயூர் விஹார் அக்கா (ஞாயிறு மதியம் 1.40)

வண்டி மதுராவுக்கு இந்தப் பக்கம் எங்கேயோ நிற்கிறதாம். இங்கே யமுனைப் பக்கம் இன்னும் சூரியனையே காணோம், எதிர் டவர் மங்கலாகத்தான் தெரிகிறது. துவாரகாவில் எப்படி?


துவாரகா செக்டர் 6 (ஞாயிறு 1.48)

இங்கே பன்னிரண்டரைக்கே வெயில் வந்துவிட்டது அக்கா. ஒரே ஊர் என்று சொல்ல முடியாது.


முனிர்கா வாசி (ஞாயிறு 2.15)

முனிர்காவில் இப்போதுதான் கலைகிறது. காற்று இன்னும் எழும்பவில்லை, அதனால் நாளை திங்கள் காலையும் இதே மூட்டம் இருக்கும், கிழக்கு டெல்லி, நொய்டா, காஜியாபாத் பக்கம் இன்றை விடக் கனமாக. குழந்தைகள் பள்ளி நேரம் மாறியிருக்கிறதா என்று இன்று இரவே பார்த்துவிடுங்கள். அக்கா, வண்டி பல்வல் தாண்டிய பிறகு கிளம்பினால் போதும். காரில் ஹீட்டரை முன்னாலேயே போட்டு வைத்துக்கொண்டு போங்கள்.